இந்த வீட்டில் பல் முளைப்பதில்லை

காலை ஆறு இருபது. வாசல் படலைக்கு வெளியே நின்றபடியே தர்சினி அக்கா எல்லாவற்றையும் அம்மாவின் கைக்கு மாற்றினார். முதலில் பிள்ளை. பிறகு உடுப்புப் பை. பிறகு பால் போத்தல். கடைசியாக ஒரு வசனம்.

“அன்ரி, ஆதிரைக்குப் பல்லு வரப்போகுது போலை கிடக்கு. முரசு வீங்கியிருக்கு. வெளியிலை வந்தால் எனக்குச் சொல்லிப் போடாதேங்கோ. நான்தான் முதலிலை காணவேணும்.”

அம்மா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு யோசித்தார்.

“வந்த பல்லை நான் என்ன செய்யிறது பிள்ளை? திருப்பி உள்ளுக்குத் தள்ளிவிடவோ?”

“பகிடி விடாதேங்கோ அன்ரி. நான் உண்மையாத்தான் சொல்லுறன்.”

“நானும் உண்மையாத்தான் கேக்கிறன்.”

கொக்குவில் சந்திப் பக்கம் பஸ் ஹோர்ன் கேட்டது. தர்சினி அக்கா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். எட்டு, பத்து அடி போனதும் திரும்பினார்.

“கண்டாலும் காணாத மாதிரி இருங்கோ.”

நான் பல் விளக்குவதற்கு முன்பே அதைக் கொப்பியில் எழுதிவிட்டேன்.

சீஆர் கொப்பி

அந்தத் தடித்த மட்டைக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். இரசாயனவியல் குறிப்பு எழுதவென்று வாங்கி, முதல் ஏழு பக்கத்தோடு கைவிட்ட கொப்பி. பின்பக்கத்திலிருந்து தொடங்கி, பெற்றோர் அம்மாவிடம் சொன்னவற்றை எழுதிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஆறு பிள்ளைகள். பிள்ளை பார்க்கிற இடம் என்று அம்மா பலகை ஒன்றும் மாட்டவில்லை. வேலைக்குப் போகும் தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லி, ஒன்று ஆறாகியது. முன்கூடத்தில் பாய், பின் வளவில் மண், நடுவில் அம்மா. நான் அம்மாவுக்கு உதவி என்று பெயர். உண்மையில் நான் வேடிக்கை பார்த்தேன்.

கொப்பியில் இருந்து சில.

“இவன் மண்ணிலை விளையாடலாம் அன்ரி, அது உடம்புக்கு நல்லதாம். ஆனால் ஊத்தை பிரளக் கூடாது.”

“பனடோல் குடுத்துத்தான் கொண்டந்தனான். இரண்டு மணி மட்டும் காய்ச்சல் வராது. இரண்டுக்கு நான் வந்திடுவன்.” சொன்னவர் ஐந்து மணிக்கு வந்தார். காய்ச்சல் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது.

“பகலிலை படுத்தால் இவர் இரவு எங்களைப் படுக்க விடுறார் இல்லை. நித்திரை வந்தால் ஏதாவது கதைச்சுக்கொண்டிருங்கோ.” இவர் என்பவருக்கு ஒன்றரை வயது. அம்மா உண்மையாகவே கதைத்துப் பார்த்தார். வாழைக்காய் விலை, மழை, தண்ணீர்த் தாங்கி வழிகிறது என்று பத்து நிமிடம். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நித்திரையானார்.

இணுவிலில் இருந்து வரும் ஒரு தாய் வெள்ளிக்கிழமை தவறாமல் சொல்வார்: “அன்ரி, இண்டைக்கு எங்கடை வீட்டிலை மச்சம் இல்லை. பக்கத்து வீட்டு மீன் குழம்பு மணந்தால் யன்னலைச் சாத்திவிடுங்கோ.” அம்மா யன்னலைச் சாத்தினார். புழுக்கம் தாங்காமல் ஆறு பிள்ளைகளும் அழுதன. விரதம் பிழைத்தது.

இன்னொருவர் பிள்ளையோடு இங்கிலீஷில் மட்டும் கதைக்கச் சொன்னார். அம்மாவிடம் இருந்த இங்கிலீஷ் மூன்று சொல்: கம், சிற், ஈற். மூன்றையும் பெரிய சத்தமாகச் சொல்லுவார். ஒரு கிழமையில் அந்தப் பிள்ளை வேலையால் வந்த தகப்பனைப் பார்த்து விரலை நீட்டி “சிற்” என்றதாம். தகப்பன் இருந்தாராம். மறுநாள் வந்து, “தமிழே போதும் அன்ரி” என்றார்.

கொக்குவிலில் ஒரு கடல்

இவற்றிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது துவாரகனின் அப்பா சொன்னது. வல்வெட்டித்துறைக் குடும்பம். அவருக்குக் கடல்தான் தொழில். மனைவிக்கு யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்ததால் கொக்குவிலில் வாடகைக்கு வந்திருந்தார்கள். முதல் நாளே சொன்னார்:

“இவனுக்கு அலைச் சத்தம் இல்லாமல் நித்திரை வராது அன்ரி.”

“அதுக்கு நான் எங்கை தம்பி போறது?”

அவர் சட்டைப் பையிலிருந்து பழைய போன் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் கடல் இருந்தது. கரையில் நின்று அவரே பதிந்தது. மத்தியானம் போனைப் பாயின் நடுவில் வைத்தோம். துவாரகன் மட்டும் இல்லை, ஆறு பேரும் வரிசையாகச் சாய்ந்தார்கள். ஒரே ஒரு பிரச்சினை. எட்டாவது நிமிடத்தில் தூரத்தில் ஒரு ஆள் “கயித்தை விடடா டேய்” என்று கத்துவார். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் ஆறு பிள்ளைகளும் ஒருதரம் துடித்து, திரும்பப் படுப்பார்கள். எனக்கே பழகிவிட்டது. எட்டாவது நிமிடம் நெருங்கினால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவேன்.

சில மாதத்தில் அவர்கள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள், போனோடு. அடுத்த மத்தியானம் ஒருவரும் படுக்கவில்லை. அம்மா குசினிக்குள் போய்ச் சுளகை எடுத்தார். அதில் ஒரு பிடி அரிசி போட்டு மெல்ல ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம். சர்ர்ர். சர்ர்ர். கண்ணை மூடிக்கொண்டால் கடல்தான். கொக்குவிலில் கடல் இல்லை என்று யார் சொன்னது?

ஆதிரை வந்தது அதற்குப் பிறகு. சுளகைக் கண்டாலே அவளுக்குச் சிரிப்பு. மற்றவர்கள் படுக்க, அவள் மட்டும் பல்லே இல்லாத வாய் முழுவதும் முரசாகச் சிரிப்பாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் சட்டம்

பல்லுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முதல் அடி, முதல் பல், முதல் சொல் மூன்றும் இந்த வீட்டில் நடப்பதில்லை. நடந்தாலும் நடப்பதில்லை. ஒரு பிள்ளை எங்கள் கூடத்தில் எழும்பி நாலு அடி வைத்தால், அம்மா அதைத் தூக்கி இருத்திவிட்டு, மாலையில் தாயிடம், “உவர் எழும்பப் பாக்கிறார் பிள்ளை. சனி ஞாயிறிலை கவனமாப் பாரும்” என்பார். திங்கட்கிழமை அந்தத் தாய் முகமெல்லாம் பூரித்து வந்து சொல்லுவார். அம்மா வாயில் கையை வைப்பார். “எப்ப? எத்தினை அடி?”

தன்னை ஒரு பிள்ளையும் அம்மா என்று கூப்பிடவும் விடமாட்டார். “அம்மா எண்டு ஒராள் விடியப் பஸ் ஏறிப் போயிருக்கிறா. நான் பெரியன்ரி.”

இது பொய் இல்லையா என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது எல்லாவற்றுக்கும் வாதம் வேண்டும். அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னார்:

“நீ நடந்த அண்டைக்கு நான் சங்கக்கடையிலை வேலை. பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்து, ‘உன்ரை பெட்டை நடக்கிறாளடி’ எண்டா. நல்ல மனசோடைதான் சொன்னவ. நானும் சிரிச்சனான்.”

பிறகு தண்ணீரை ஊற்றினார். அதற்கு மேல் கதை இல்லை.

தர்சினி அக்காவுக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஆனால் வாய்விட்டுக் கேட்ட ஒரே தாய் அவர்தான். அவருடைய கணவர் கட்டாரில். அவர் வேலை செய்தது கிளிநொச்சியில் ஒரு வங்கியில். கம்பஸ் முடித்து நாலு வருடம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த வேலை. விடிய ஆறு இருபதுக்குப் பிள்ளையைத் தந்தால், பொழுதுபட்டுத்தான் வாங்குவார். ஏழு மணிக்குப் பிள்ளை நித்திரை. ஒரு நாளில் அவர்கள் இருவரும் விழித்திருந்து முகம் பார்ப்பது எவ்வளவு நேரம் என்று எனக்கு அப்போது எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

டிங்

அது ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி. எனக்கு நேரம் தெரியும், ஏனென்றால் பன்னிரண்டுக்குத்தான் தர்சினி அக்காவுக்குப் பிள்ளையின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நான் போனோடு நின்றேன். அம்மா எவர்சில்வர் கரண்டியால் அரிசிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

டிங்.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அம்மா இன்னொருதரம், மிக மெல்ல, கரண்டியை உள்ளே வைத்தார். டிங். கீழ் முரசில் குறுணி அரிசி போல ஒரு வெள்ளை.

“நீ ஒண்டும் கேக்கேல்லை” என்றார் அம்மா.

“ரெண்டுதரம் கேட்டது.”

“எடியே.”

“சரி. கேக்கேல்லை.”

அன்று மாலை அம்மா தர்சினி அக்காவிடம், “இரவைக்கு ஒரு கரண்டி கஞ்சி குடுத்துப் பாரும் பிள்ளை. எவர்சில்வர் கரண்டியாலை” என்றார்.

“வேண்டாம் அன்ரி. கனடாவிலை இருந்து மாமி ரப்பர் கரண்டி அனுப்பியிருக்கிறா. அதுதான் முரசுக்கு நல்லதாம்.”

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் கரண்டியில் என்ன சத்தம் வரும்?

வாய் மூடிய படங்கள்

ஒரு பல்லை மறைப்பது லேசு என்று நினைப்பீர்கள். எட்டு மாதப் பிள்ளையை வாய் மூடி இருக்க வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை நான் அனுப்பியது பின்தலை. செவ்வாய் நித்திரையில். புதன்கிழமை பால் போத்தலுக்குப் பின்னால் பாதி முகம். வியாழன் ஒரு பக்கமாகத் திரும்பி, உதட்டை இறுக்கி, வங்கிக் கடனைக் கட்டாத ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை. அந்தப் படத்தை எடுக்க எனக்கு அரைமணித்தியாலம் பிடித்தது. சிரிக்க வைக்கக்கூடாது என்பதால் சுளகைக்கூட அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டோம்.

எனக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கையாக இருந்தது. வியாழன் மாலை வரை.

அன்று தர்சினி அக்கா பிள்ளையை வாங்கியும் போகவில்லை. பிள்ளை அவருடைய தோளில் நித்திரை. மறு கையில் போன்.

“அன்ரி, ஒண்டு கேக்கட்டே? இவள் இஞ்சை சிரிக்கிறவளோ?”

“என்ன பிள்ளை உப்பிடிக் கேக்கிறீர்? நல்லாச் சிரிப்பாள்.”

“இந்தக் கிழமை ஒரு படத்திலையும் சிரிக்கேல்லை. மற்றக் கிழமையளிலை வாயை மூடின ஒரு படமும் இல்லை.” குரல் இறங்கியது. “உங்களிலை குறை சொல்லேல்லை அன்ரி. பிள்ளைக்கு ஏக்கமாக்கும். நான் வேலையை விடுவம் எண்டு யோசிக்கிறன். மனேச்சரிட்டை நாளைக்குக் கதைக்கப் போறன்.”

என் வாய் திறந்தது. அம்மா என் கையைப் பின்பக்கத்தால் நுள்ளினார். அந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

அவர் ஒழுங்கை திரும்பியதும் நான் தொடங்கினேன். “சொல்லுவம் அம்மா. ஒரு பல்லாலை அவ வேலையை விடப்போறா. உங்கடை சட்டத்தாலை.”

அம்மா படலைக் கொளுக்கியைப் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டார்.

“நாளைக்குச் சிரிக்கிற படம் அனுப்பு. படத்திலை எண்டாலும் அவவே காணட்டும்.”

சிரிப்புக்கு ஒரு லீவு

வெள்ளி காலை அலுமாரிக்குப் பின்னால் இருந்து சுளகு வெளியே வந்தது. நான் ஒத்திகை பார்த்தேன். சர்ர்ர். ஆதிரை சிரித்தாள். பல் பளிச்சென்று தெரிந்தது. போனைத் தூக்கியவள், நிறுத்திவிட்டேன்.

வங்கி வரிசை கண்ணுக்கு முன்னால் வந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் தர்சினி அக்கா. மேசைக்குக் கீழே ஒளித்துப் போனைப் பார்க்கிறார். படத்தைப் பெரிதாக்குகிறார். யாரோ சிட்டையை நீட்டுகிறார்கள். இதற்காகவா நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம்?

பின் வளவுக்குப் போய், அம்மாவுக்குத் தெரியாமல் கோல் எடுத்தேன்.

“அக்கா, மனேச்சரிட்டைக் கதைச்சிட்டியளோ?”

“இல்லைத் தங்கச்சி, பதினொரு மணிக்குத்தான் வருவார். ஏன், பிள்ளைக்கு என்ன?”

“ஒண்டுமில்லை. ஆதிரை சிரிக்கிறாள்.”

அந்தப் பக்கம் யாரோ இலக்கம் கூப்பிடுவது கேட்டது.

“படம் எடுத்தால் ஆடுது அக்கா. வந்து பாருங்கோ.”

“கிளிநொச்சியிலை இருந்தோ?”

“ஓம்.”

“மனேச்சரிட்டை என்ன எண்டு சொல்லி லீவு கேக்கிறது? பிள்ளை சிரிக்குதாம் எண்டோ?”

“ஓம் அக்கா. அப்பிடியே சொல்லுங்கோ.”

அந்தக் கொப்பியில் நாங்கள் சொன்னதாக ஒரே ஒரு வசனம்தான் இருக்கிறது. அது இந்த ‘அப்பிடியே சொல்லுங்கோ’தான்.

ஒன்றரைக்குப் படலை திறந்தது. அம்மா கூடத்தில் சுளகோடு இருந்தார். ஐந்து பேர் படுத்தாயிற்று. ஆறாவது ஆள் பாயின் ஓரத்தில் குந்தியிருந்து சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கசங்கிய சேலையோடு, வேர்வையோடு தர்சினி அக்கா வாசலில் வந்து நின்றார். வெயிலிலிருந்து வந்தவருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை போலும். ஆதிரை திரும்பினாள். மத்தியானத்தில் தன் தாயை அவள் கண்டதே இல்லை. ஒரு கணம் குழம்பினாள். பிறகு சிரித்தாள். சுளகுக்குச் சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. கையும் காலும் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

தர்சினி அக்கா வாசலிலேயே முழங்காலில் இருந்தார்.

“அன்ரி,” என்றார் மெல்லிய குரலில், படுத்திருந்தவர்கள் எழும்பாமல். “பல்லு.”

அம்மா அரிசி சிந்தாமல் சுளகைக் கீழே வைத்தார். எழும்பி, அலுமாரிக்கு மேல் இருந்த கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, போட்டுக்கொண்டு வந்து குனிந்தார்.

“எங்கை பிள்ளை?”

“கீழை அன்ரி. இந்தா.”

“ஓம். ஓம் பிள்ளை. என்ரை கண்ணுக்கு இது தெரியேல்லைப் பாரும்.”

தர்சினி அக்கா ஒரு கரண்டி கேட்டார். நான் குசினிக்கு ஓடி எடுத்து வந்தேன். டிங். அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அம்மா வாயில் கையை வைத்திருந்தார். அந்தச் சத்தத்தை வாழ்க்கையிலேயே முதல்முறை கேட்பவர் போல. அவருடைய கண் நிறைந்திருந்தது. அது மட்டும் நடிப்பு இல்லை.

வேலையை விடுகிற கதையை மனேச்சரோடு அவர் கதைக்கவில்லை. திங்கட்கிழமை ஆறு இருபதுக்குப் படலையில் நின்றார்.

பேனையும் பனங்கட்டியும்

அடுத்த மாதம் பல்லுக் கொழுக்கட்டை. எங்கள் பக்கத்தில் முதல் பல் வந்தால், தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்திக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலையில் மெல்லச் சொரிவார்கள். முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி, நெல்லு என்று பரப்பி வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ, அதுதான் அதன் எதிர்காலம்.

“அன்ரி, கனடா மாமி வீடியோவிலை பாப்பா. பேனையை எடுக்க ஒருக்காப் பழக்கிவிடுங்கோ” என்றார் தர்சினி அக்கா. நான் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டேன். ஒரு கிழமை பாடம் நடத்தினேன். ஏழு நாளும் ஆதிரை எடுத்தது என் செருப்பை.

அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் அவள் நேரே பேனைக்குப் போனாள். எடுத்து வாயில் வைத்தாள். விடவே இல்லை. போனுக்குள்ளே மாமி, “எங்கடை பரம்பரை” என்றார். பிறகு பேனையைக் கழுவும்போது பார்த்தேன். மூடி முழுக்கப் பனங்கட்டி. அம்மா சொரிந்த கொழுக்கட்டையைப் பொறுக்கிக்கொண்டு இருந்தார், என் பக்கம் திரும்பாமலே.

ஆடுகிற பல்

இதெல்லாம் ஏன் இந்தக் கிழமை நினைவுக்கு வந்தது என்றால், ஆதிரை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். நான் கம்பஸ் முடித்து வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். லீவு நாளில் அதே படலையில் நிற்கிறேன். பாயில் இப்போது வேறு ஆறு பேர்.

கடந்த செவ்வாயும் எனக்கு லீவு. காலை ஆறு இருபது. தர்சினி அக்கா பஸ்ஸுக்குப் போகிற வழியில், அதே அவசரத்தில், கொஞ்சம் நரையோடு.

“தங்கச்சி, ஆதிரைக்குப் பல்லு ஆடுது. அந்த முதல் பல்லுத்தான். இஞ்சை விழுந்தால் எனக்கு உடனை கோல் எடும்.”

“சரி அக்கா.”

குடையை இடுக்கிக்கொண்டு ஓடினார். எட்டு, பத்து அடி போனதும் திரும்பினார். எனக்கு அந்தத் திரும்பல் தெரியும்.

“அண்டைக்கு மாதிரி நாலு நாள் வைச்சிருக்காதேங்கோ.”

நான் மனதுக்குள் விரல் மடக்கினேன். பின்தலை, நித்திரை, போத்தல், உதடு இறுக்கிய வியாழன். எல்லாப் படமும் அவருடைய போனில்தானே இருந்தது. எப்போது எண்ணியிருப்பார்? அன்றைக்கே பஸ்ஸிலா? கரண்டி கேட்டு எங்களை நிமிர்ந்து பார்த்த அந்த நேரத்திலா? இத்தனை வருடம், ஒரு சொல் இல்லாமல்.

பின்னால் அம்மா வந்து நின்றது தெரிந்தது. கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு துவாய். அவருக்கும் கேட்டிருந்தது. என்னைத்தான் முறைப்பார் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஒழுங்கைக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

“நாலு நாள் இல்லைப் பிள்ளை. நாலு நாளும் ஒண்டரை மணித்தியாலமும்.”